தேறுவாரா, மாட்டாரா? – ராபி ரேயை வைத்து ஒரு ஃபேன்டஸி பேஸ்பால் கணக்கு

மிட்செல் ஜான்சனை நினைவிருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் இடது கை வேகப்பந்து வீச்சாளர். பந்து எங்கே போய் விழும் என்று சில நாள் அவருக்கே தெரியாது. இங்கிலாந்து ரசிகர்கள் அவரைக் கேலி செய்து பாட்டே கட்டினார்கள். அதே ஆள் 2013-14 ஆஷஸ் தொடரில் 37 விக்கெட்களை அள்ளினார். சராசரி 13.97. பாட்டுப் பாடியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால், அந்தத் தொடர் தொடங்குவதற்கு முதல் நாள், ‘இந்த முறை ஜான்சன்தான்’ என்று நம்மில் எத்தனை பேர் அடித்துச் சொல்லியிருப்போம்?

இதே மாதிரி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். அவர்களுடைய ஆட்டம் பேஸ்பால். அவர்கள் மைதானத்தில் இறங்குவதில்லை. வீட்டில், ஆபீஸில், நண்பர்களோடு சேர்ந்து கற்பனையாக ஓர் அணியை அமைத்து, நிஜ வீரர்கள் நிஜ மேட்ச்களில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டி போடுகிறார்கள். ஃபேன்டஸி பேஸ்பால்.

நம் ஊரில் ஃபேன்டஸி என்றதும் பணம் கட்டி ஆடும் செயலிகளும், அவற்றை முடக்கிய 2025-ம் வருஷத்து மத்திய அரசின் சட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு ரகம். ஒரு நாள் கூத்து இல்லை. மார்ச்சில் எடுத்த அணியை செப்டம்பர் கடைசி வரை கட்டி மேய்க்க வேண்டும். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. அவர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகத்தின் பெயர் ‘லா ரோட்டிஸெரி ஃபிரான்சேஸ்’. அதனால் இன்றைக்கும் இந்த ஆட்டத்துக்கு ‘ரோட்டிஸெரி’ என்றே இன்னொரு பெயர் உண்டு. வறுத்த கோழிக்கடை பெயரில் ஒரு விளையாட்டு!

வழக்கமான ஏல லீக்கில் ஒவ்வொருவர் கையிலும் 260 கற்பனை டாலர் இருக்கும். அதற்குள் 23 வீரர்களை எடுக்க வேண்டும். பெரிய நட்சத்திரங்கள் 30, 40 டாலருக்குப் போய்விடுவார்கள். அவர்களை எல்லோருக்கும் தெரியும், அவர்களால் பெரிய லாபம் இல்லை. லீக்கை ஜெயிக்க வைப்பவர்கள் ஒரு டாலருக்கும் இரண்டு டாலருக்கும் எடுத்து, நட்சத்திரமாக மாறுகிறவர்கள். அப்படிப்பட்ட ஆள் எங்கே கிடைப்பார்? பெரும்பாலும், ‘ஒரு நாள் பிரமாதம், மறுநாள் பரிதாபம்’ என்று பெயரெடுத்த பிட்சர்களின் கூட்டத்தில்தான்.

எடுக்கலாமா, வேண்டாமா? ராபி ரே என்ற ஒரே ஒரு மனிதரின் எண்களை வைத்துப் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், அவர் ஒரு முறை அல்ல, இரண்டு முறை ‘திடீர் நட்சத்திரம்’ ஆனவர்.

முதலில் கொஞ்சம் அரிச்சுவடி

பேஸ்பால் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு மேட்சைத் தொடங்கிவைக்கும் பந்துவீச்சாளர்தான் ஸ்டார்ட்டிங் பிட்சர். ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டு இறங்குவார். அடுத்த மேட்ச் ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோதான். வருஷத்துக்கு அதிகபட்சம் 32, 33 மேட்ச். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை வீசி, பேட்டர் தொடாமல் விட்டுவிட்டால், அவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்குப் பெயர் வாக். நம் பாஷையில் நான்கு வைடுக்கு ஓர் இலவச சிங்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்சருக்கு மார்க் போடும் பழைய அளவுகோல் ஈ.ஆர்.ஏ. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. நான்கை ஒட்டி இருந்தால் சுமார். மூன்றுக்குக் கீழே என்றால் நட்சத்திரம். ஐந்தைத் தாண்டினால் வேலைக்கே ஆபத்து. இன்னொன்று விப். ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை வாக் மூலமும் ஹிட் மூலமும் பேஸுக்கு அனுப்புகிறார் என்பது. வெற்றி, சேவ், ஸ்ட்ரைக் அவுட் ஆகியவற்றோடு இந்த இரண்டும் சேர்ந்த ஐந்தில்தான் ஃபேன்டஸி லீக்கில் பிட்சர்களுக்குப் புள்ளி.

ஏற்ற இறக்கமான பிட்சரை எடுக்க ஏன் பயப்படுகிறார்கள் என்பது இந்த ஈ.ஆர்.ஏ-வைப் போட்டுப் பார்த்தால் புரியும். உங்கள் பிட்சர் ஐந்து மேட்ச்களில் 30 இன்னிங்ஸ் வீசி 10 ரன்தான் கொடுத்திருக்கிறார். ஈ.ஆர்.ஏ 3.00. அருமை. ஆறாவது மேட்சில் இரண்டே இன்னிங்ஸில் 8 ரன் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். இப்போது 32 இன்னிங்ஸில் 18 ரன். ஈ.ஆர்.ஏ 5.06! ஒரு மாத உழைப்பை ஒரு சாயங்காலம் தின்றுவிட்டது. பேட்டர் சொதப்பினால் அன்றைக்குப் பூஜ்யம், அவ்வளவுதான். பிட்சர் சொதப்பினால் ஏற்கெனவே சேர்த்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார்.

ஒரே எண்கள், இரண்டு தலையெழுத்து

ராபி ரே டென்னஸியைச் சேர்ந்தவர். 1991-ல் பிறந்தவர். இடது கை. 2010-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை 12-வது சுற்றில்தான் எடுத்தது. அங்கிருந்து டெட்ராய்ட், அங்கிருந்து அரிசோனா என்று கைமாறினார். 2014-ல் டெட்ராய்ட்டுக்காக முதன்முதலில் மேஜர் லீக்கில் வீசியபோது ஈ.ஆர்.ஏ 8.16.

2016-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்கு 174.1 இன்னிங்ஸ் வீசினார். 8 வெற்றி, 15 தோல்வி. ஈ.ஆர்.ஏ 4.90. ஃபேன்டஸி ஆட்கள் பாதிப் பேர் அந்த எண்ணைப் பார்த்ததுமே அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். மறு வருஷம் 2017-ல் அதே ஆள், அதே அணி. 15 வெற்றி, 5 தோல்வி. ஈ.ஆர்.ஏ 2.89. ஆல்-ஸ்டார் அணியிலும் இடம். மலிவாக எடுத்துவைத்திருந்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

என்ன மாறியது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. 2016-ல் அவர் எடுத்த ஸ்ட்ரைக் அவுட் 218. கொடுத்த வாக் 71. 2017-ல் ஸ்ட்ரைக் அவுட் 218. வாக் 71. அச்சுப் பிழை இல்லை. இரண்டு வருஷமும் அதே எண்கள்தான். வாங்கிய ஹோம் ரன்கள்கூட 24, 23. (2017-ல் 12 இன்னிங்ஸ் குறைவாக வீசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் விகிதம் கொஞ்சம் மேலே கீழே போகும்.)

மாறியது ஒன்றே ஒன்றுதான். 2016-ல் அவர் கொடுத்த ஹிட் 185. 2017-ல் 116.

பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மேஜர் லீக்கில் சராசரியாகப் பத்தில் மூன்று ஹிட்டாகும். மீதி யாராவது ஃபீல்டர் கையில் போய்ச் சேரும். ரேயின் விஷயத்தில் 2016-ல் பத்துக்கு மூன்றரை ஹிட். 2017-ல் இரண்டே முக்காலைத் தொடவில்லை. முதல் வருஷம் பந்து ஃபீல்டர் இல்லாத இடமாகப் பார்த்துப் போனது. இரண்டாம் வருஷம் ஃபீல்டர் நின்ற இடத்துக்கே போனது.

2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ரசிகர் எழுதிய ஒரு கட்டுரை பேஸ்பால் உலகத்தையே ஓர் உலுக்கு உலுக்கியது. ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் இந்த மூன்றும் பெரும்பாலும் பிட்சர் கையில் இருக்கின்றன. மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட்டாகிறதா, கேட்சாகிறதா என்பதில் பிட்சருக்கும் பிட்சருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இந்த வருஷம் ஒருவருக்கு வாய்த்தது அடுத்த வருஷமும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது என்றார். அனுபவஸ்தர்கள் சிரித்தார்கள். பிறகு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியே அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது.

அந்த மூன்றை மட்டும் வைத்து ஈ.ஆர்.ஏ போலவே ஒரு மார்க் போடும் முறை பிறகு வந்தது. ஃபிப் என்று பெயர். ஃபிப் கணக்கில் ரே 2016-ல் 3.7 சொச்சம். 2017-லும் 3.7 சொச்சம். அதாவது 4.90 வாங்கியபோது அவர் அவ்வளவு மோசமும் இல்லை, 2.89 வாங்கியபோது அவ்வளவு பிரமாதமும் இல்லை. 

முழுக்க அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். 2017-ல் அவர் கர்வ் பந்தை முன்பைவிட அதிகம் பயன்படுத்தினார், பேட்டர்கள் குழம்பினார்கள், அதில் உழைப்பு உண்டு. ஆனால் 69 ஹிட் குறைந்ததற்கு ஒரு கர்வ் பந்து போதாது. 2016 முடிவில் ரேயை எடுத்தவர் புத்திசாலி. 2017 முடிவில் 2.89-ஐ நம்பிப் பெரிய விலை கொடுத்தவர், முந்தின வருஷத்து மழையைப் பார்த்து இந்த வருஷம் நிலம் வாங்கினவர்.

சரிவு

பின்னால் நடந்தது அதைத்தான் காட்டியது. 2018-ல் காயம் வேறு சேர்ந்துகொள்ள, 123.2 இன்னிங்ஸ்தான். ஈ.ஆர்.ஏ 3.93. ஆனால் வாக் 70. முந்தின வருஷம் 162 இன்னிங்ஸில் கொடுத்ததை இப்போது 123 இன்னிங்ஸிலேயே கொடுத்துவிட்டார். 2019-ல் 235 ஸ்ட்ரைக் அவுட், கூடவே 84 வாக். ஈ.ஆர்.ஏ 4.34.

அப்புறம் 2020. கொரோனாவால் 60 மேட்ச்களாகச் சுருங்கிய சீஸன். ரே தன் கையைச் சுழற்றும் விதத்தை மாற்றிப் பார்த்தார். வேகம் கொஞ்சம் கூடியது, திசை சுத்தமாகத் தொலைந்தது. 51.2 இன்னிங்ஸில் 45 வாக். ஈ.ஆர்.ஏ 6.62. பாதியிலேயே அரிசோனா அவரை டொரண்டோ புளூ ஜேஸ் அணிக்குத் தள்ளிவிட்டது.

அந்த நவம்பரில் அவர் ஃப்ரீ ஏஜென்ட். வயது 29. எந்த அணியோடும் பேசலாம். நல்ல விலை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது அங்கே வழக்கம். ரே காத்திருக்கவில்லை. சந்தை திறந்த சில நாட்களிலேயே அதே டொரண்டோவோடு ஒரு வருஷத்துக்கு 80 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நமக்கு அது பெரிய தொகை. ஆனால் ஒரு முன்னாள் ஆல்-ஸ்டாருக்கு ஒரு வருஷம் மட்டும் என்றால் அதன் அர்த்தம், ‘கடைசி வாய்ப்பு, நிரூபித்துக் காட்டு’ என்பதுதான். சொதப்பினால் 30 வயதில், 7-ஐ நெருங்கும் ஈ.ஆர்.ஏ-வோடு யார் கதவைத் தட்டுவது?

போதாக்குறைக்கு, 2021 சீஸன் தொடங்கும் நேரத்தில் வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது தடுமாறி விழுந்தார். குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டார், பந்து வீசும் இடது முழங்கையில் அடி. முதல் மேட்ச் தள்ளிப்போனது.

அந்த மார்ச்சில் ஃபேன்டஸி ஏலங்களில் அவர் பெயர் வந்தால் ஒரு டாலர். பல லீக்குகளில் அதுகூட இல்லை.

இரண்டாம் வருகை

2021-ல் ராபி ரே 193.1 இன்னிங்ஸ் வீசினார். 13 வெற்றி, 7 தோல்வி. ஈ.ஆர்.ஏ 2.84. ஸ்ட்ரைக் அவுட் 248. விப் 1.045. இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ, ஸ்ட்ரைக் அவுட், விப் நான்கிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு ஓட்டுப் போட்ட 30 பேரில் 29 பேர் அவருக்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள்.

இறுக்கமான பேன்ட் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு வீசியதால், ‘பேன்ட்தான் காரணம்’ என்று ரசிகர்கள் ஜோக் அடித்தார்கள். காரணம் பேன்ட் இல்லை. இந்த ஒரு எண்ணைப் பாருங்கள். 2020-ல் 51.2 இன்னிங்ஸில் 45 வாக். 2021-ல் 193.1 இன்னிங்ஸில் 52 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு என்று வைத்தால் 7.8-லிருந்து 2.4. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே!

அதற்கு முந்தின அத்தனை வருஷமும் அவரைக் கெடுத்தது இந்த வாக்தான். ஸ்ட்ரைக் அவுட் எடுக்கும் திறமை அவரிடம் எப்போதும் இருந்தது. 2021-ல் அவர் செய்தது ஆட்டத்தை எளிமையாக்கியது. கையைச் சுழற்றும் விதத்தைப் பழையபடி இயல்பாக வைத்துக்கொண்டார். மூலையில் போட்டு ஏமாற்றலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, எல்லைக்குள் நேராக அடித்து வீசினார். கர்வ் பந்தைக் கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டு, வேகப்பந்து, ஸ்லைடர் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டார். 2019-ல் மணிக்கு 92 மைலுக்குச் சற்று மேலே இருந்த வேகப்பந்தின் சராசரி, இப்போது 95 மைலை ஒட்டி வந்துவிட்டது. டொரண்டோவின் பிட்சிங் பயிற்சியாளர் பீட் வாக்கருக்கு இதில் பெரிய பங்கு.

இரண்டு எழுச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017-ல் மாறியது ஹிட். அது பாதிக்கு மேல் அவர் கையில் இல்லை. 2021-ல் மாறியது வாக். அது முழுக்க அவர் கையில். கண்ணுக்கு இரண்டுமே 2.8 சொச்சம் ஈ.ஆர்.ஏ. உள்ளே இருப்பது வேறு வேறு.

அப்படியானால் 2021-ன் 2.84-ஐ அப்படியே நம்பலாமா? அதுவும் கூடாது. அந்த வருஷம் அவர் 33 ஹோம் ரன் வாங்கினார். எல்லைக்குள்ளேயே போடுகிறவருக்கு அது ஒரு விலை. பேஸில் ஏற்கெனவே ஆள் நிற்கும்போது அடி வாங்காமல், காலியாக இருக்கும்போது வாங்கியதால் பிழைத்தார். அது வருஷா வருஷம் வாய்க்காது. 2021-ன் ஃபிப் மறுபடியும் 3.7-ஐ ஒட்டித்தான் இருந்தது. அந்த சீஸன் முடிந்ததும் சியாட்டில் மரைனர்ஸ் அணி அவருக்கு ஐந்து வருஷத்துக்கு 11.5 கோடி டாலர் கொடுத்தது. 2022-ல் அவர் எடுத்த ஈ.ஆர்.ஏ 3.71. 

எண்கள் பொய் சொன்ன ஆள்

ஃபிப் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் கிறிஸ் ஆர்ச்சரைப் பற்றிக் கேளுங்கள். டம்பா பே ரேஸ் அணியின் பிட்சர். 2015-ல் 252 ஸ்ட்ரைக் அவுட். 2016-ல் 233, ஆனால் 19 தோல்வி, ஈ.ஆர்.ஏ 4.02. 2017-ல் 249, ஈ.ஆர்.ஏ 4.07. ‘இவ்வளவு ஸ்ட்ரைக் அவுட் எடுக்கிறவர் இவ்வளவு ரன் கொடுக்கக் கூடாது, அடுத்த வருஷம் பாருங்கள்’ என்று ஒவ்வொரு மார்ச்சிலும் சொன்னார்கள். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. 2018-ல் 4.31. 2019-ல் 5.19.

வேடிக்கை என்னவென்றால், 2018 ஜூலை 31-ம் தேதி அவரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குக் கொடுத்து, ரேஸ் வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் டைலர் கிளாஸ்னோ. ஆறடி எட்டு அங்குலம் உயரம். 2017-ல் பிட்ஸ்பர்க்குக்காக 62 இன்னிங்ஸில் 44 வாக், ஈ.ஆர்.ஏ 7.69. ஸ்டார்ட்டர் வேலைக்கு லாயக்கில்லை என்று முதல் சில இன்னிங்ஸுக்குப் பிறகு வீசும் கூட்டத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ரேஸ் அவரை மறுபடி ஸ்டார்ட்டராக்கியது. 2019-ல் 60.2 இன்னிங்ஸில் 14 வாக், 76 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ 1.78.

ஒரே வியாபாரத்தில் இடம் மாறிய இரண்டு பேர். ஒருவரிடம் நல்ல எண்கள், ஆனால் பல வருஷமாக எதுவும் மாறவில்லை. இன்னொருவரிடம் படுமோசமான எண்கள், ஆனால் இடமும் வேலையும் மாறியது. நான் ஒரு பிட்சரைப் பார்க்கும்போது ‘எவ்வளவு நல்லவர்’ என்பதைவிட ‘போன வருஷத்துக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது’ என்பதைத்தான் முதலில் தேடுவேன். மூன்று வருஷம் ஒரே மாதிரி ஏமாற்றியவர், எதையும் மாற்றாமல் நான்காவது வருஷம் திருந்துவார் என்று காத்திருப்பது, வராத பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.

அணி மாற்றத்தைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2017-ல் அதே பிட்ஸ்பர்க்கில் கெரிட் கோலின் ஈ.ஆர்.ஏ 4.26. 2018-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குப் போனார். கீழே இறங்கும் சிங்கர் பந்தைக் குறைத்து, நேர் வேகப்பந்தை உயரமாக வீச வைத்தார்கள். ஈ.ஆர்.ஏ 2.88, ஸ்ட்ரைக் அவுட் 196-லிருந்து 276. ஜேக் அரியெட்டா 2013-ல் பால்டிமோரிலிருந்து சிகாகோ கப்ஸுக்கு வந்தார். பால்டிமோரில் அவருடைய மொத்த ஈ.ஆர்.ஏ 5.46. 2014-ல் 2.53. 2015-ல் 22 வெற்றி, 1.77, சை யங் விருது. திறமை முன்பே இருந்தது. அதை வேறு மாதிரி பயன்படுத்தச் சொல்ல வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அதற்காக அணி மாறிய எல்லோரையும் எடுத்துவிடக் கூடாது. ஆர்ச்சரும் அணி மாறியவர்தான்!

ஏலத்தில் உட்காரும்போது

இத்தனையையும் வைத்துக்கொண்டு மார்ச்சில் என்ன செய்வது? முதலில், ஸ்ட்ரைக் அவுட் இல்லாத ஏற்ற இறக்கக்காரரை விட்டுவிடுங்கள். வாக்கைக் குறைக்க ஒருவர் கற்றுக்கொள்ளலாம், பேட்டரைத் தோற்கடிக்கும் பந்தை 28 வயதுக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. ரே, கிளாஸ்னோ இருவருமே மோசமாக இருந்த காலத்திலும் ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர்கள்.

மார்ச் மாதப் பயிற்சி மேட்ச்களின் ஈ.ஆர்.ஏ-வைப் பார்த்து மயங்க வேண்டாம். எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அணியில் இடம் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள். வேகம் கூடியிருக்கிறதா, புதிதாக ஒரு பந்து சேர்ந்திருக்கிறதா, அல்லது ரே செய்தது போல ஒரு பந்தைக் கழற்றிவிட்டாரா என்று பார்த்தால் போதும். 2015-லிருந்து எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் இருக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள், ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் பதிவு செய்துவிடுகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மெக்ராக்கன் காலத்தில் இந்த வசதி கிடையாது.

உங்கள் லீக்கின் விதியும் முக்கியம். பத்துப் பேர் ஆடும் சிறிய லீக் என்றால் துணிந்து எடுக்கலாம், சொதப்பினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை எடுக்கக் கூடை நிறைய ஆட்கள் வெளியே இருப்பார்கள். பதினைந்து பேர் லீக்கில் வெளியே யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள், தப்பான ஆளோடு செப்டம்பர் வரை குடித்தனம் நடத்த வேண்டும். ஈ.ஆர்.ஏ-வுக்குப் பதிலாக ஸ்ட்ரைக் அவுட்டுக்குத் தாராளமாகப் புள்ளி கொடுக்கும் லீக்கில் வாக் கொடுக்கும் பிட்சரின் மதிப்பே வேறு.

பிட்சரின் முழங்கையை யாராலும் கணிக்க முடியாது. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்த தசைநார் மாற்று அறுவை சிகிச்சை இன்று அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. வேகமாக வீசும் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. கிளாஸ்னோவுக்கு 2021-ல் அது நடந்தது. ரே 2023-ல் ஒரே ஒரு மேட்ச் வீசினார், அவருக்கும் அதே அறுவை சிகிச்சை. 2022 ஏலத்தில் பெரிய விலை கொடுத்து அவரைப் பல வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கு அதோடு முடிந்தது. 2024 ஜூலையில் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் சட்டையில் திரும்பி வந்தவர், 2025-ல் 33 வயதில் மறுபடியும் ஆல்-ஸ்டார்.

என்னைக் கேட்டால், ஏலத்தின் கடைசியில் கையில் மிஞ்சும் ஒரு டாலரை இப்படிப்பட்ட ஓர் ஆளுக்குத்தான் கொடுப்பேன். இரண்டு டாலர் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். ஐந்து டாலர் என்றால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த கையோடு களத்தில் இறக்கமாட்டேன். முதல் நான்கு மேட்ச்களுக்கு பெஞ்சில்தான் வைப்பேன். அந்த மேட்ச்களில் அவர் எத்தனை ரன் கொடுத்தார், ஜெயித்தாரா, தோற்றாரா எதையும் பார்க்கமாட்டேன். வாக் எத்தனை என்று மட்டும் காலண்டரில் குறித்துவைப்பேன். இருபது இன்னிங்ஸில் ஐந்தோ ஆறோ என்றால் மே மாதம் முதல் மேட்ச்சிலிருந்து அவர் என் ஆள். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால், அன்று ராத்திரியே அவரை விட்டுவிட்டு அடுத்த பெயரைத் தேட ஆரம்பிப்பேன்.